மறுமுனையைப் பிடித்தவன்

என் பெயர் தில்ராஜ் கௌர். வயது முப்பத்து நான்கு. காலஞ்சென்ற முக்தியார் சிங்கின் மகள். மோகா மாவட்டம், கோட் மானா கிராமத்தில், குருத்வாராவுக்குப் பின் தெருவில் என் தகப்பனாரின் வீட்டில் வசிக்கிறேன். அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். திருமணம் ஆகவில்லை. கணவர் பெயர் என்ற இடத்தில் கோடு போட்டுக்கொள்ளும்படி எழுத்தரிடம் சொன்னேன்.

என் தம்பி நவ்தேஜ் சிங் கொடுத்த புகாரை சப்-இன்ஸ்பெக்டர் பல்கார் சிங் எனக்குப் படித்துக் காட்டினார். எங்கள் தகப்பனார் இறந்தபின் அடுத்த குடும்பத் தலைவருக்குத் தலைப்பாகை கட்டும் சடங்கன்று, குருத்வாரா வாசலில், ஊரார் முன்னிலையில் தம்பியின் தலையிலிருந்து தலைப்பாகையை நான் பிடுங்கிக்கொண்டு போனதாகவும், அதனால் அவன் மனமும் மதமும் புண்பட்டதாகவும் அதில் கண்டிருக்கிறது. பிடுங்கினேன் என்பது முழுப் பொய். தலைப்பாகை என்னிடம் இருப்பது உண்மை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது எங்கள் மத தீட்சையான அமிர்தம் எடுத்துக்கொண்டேன். அன்று முதல் தலைப்பாகை கட்டாமல் வாசல்படி தாண்டியதில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இது என்று கேட்டு வந்தவர்களுக்கு என் தகப்பனாரே பதில் சொல்லி அனுப்பிவிடுவார். தலைப்பாகைத் துணியை ஒற்றை ஆளாகச் சரியாக மடிக்க முடியாது, மறுமுனையை ஒருவர் விறைப்பாகப் பிடிக்க வேண்டும். இது சப்-இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்ததுதான், அவருக்கும் வீட்டில் யாராவது பிடிப்பார்கள். காலையில் தகப்பனாருக்கு நான் பிடிப்பேன், எனக்கு அவர் பிடிப்பார். அதன் பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து கை விளங்காமல் போய்விட்டது. அதற்காக அவர் விட்டுவிடவில்லை, கட்டிலில் உட்கார்ந்தபடி துணியின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இழு என்று கண்ணால் ஜாடை காட்டுவார்.

தம்பி கனடாவில் லாரி ஓட்டுகிறான். அங்கே போய்ச் சேர்ந்த வருஷத்திலேயே முடியை வெட்டிக்கொண்டான். அது அவன் இஷ்டம், அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தகப்பனார் மட்டும் போனில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

அதன் பிறகு தகப்பனார் படுக்கையில் விழுந்த சமயம், என் தாயாரையும் தாய்மாமன் குர்மேல் சிங்கையும் பக்கத்தில் கூப்பிட்டு, தனக்குப் பின் குடும்பத்தின் தலைப்பாகை தில்ராஜ் தலையில்தான் ஏற வேண்டும் என்று குழறிக் குழறிச் சொன்னார். எங்கள் வழக்கப்படி அந்தத் துணி தாய்மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும். மாமா என் தலையில் கை வைத்து, "கவலைப்படாதீங்க மச்சான். நானே என் கையால கட்டி விடறேன். பொம்பளைக்கு எதுக்குன்னு எவன் கேக்கறான்னு பாக்கறேன்" என்றார். மாமா குருத்வாரா கமிட்டியில் இருப்பவர். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று நான் நம்பினேன்.

தகப்பனார் இறந்த அன்று தம்பியின் விமானம் தாமதமாகிவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, உடலை வைத்திருக்க முடியாது என்று சொல்லி மாமாவே என் கையில் நெருப்பைக் கொடுத்தார். நான் கொள்ளி வைத்தேன். பெண் கொள்ளி வைக்கலாமா என்று அன்று ஒரு ஆளும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு சடங்கு நாள் வந்தது. அன்று காலை மாமா இளஞ்சிவப்புத் துணியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "நீயே நனைச்சு மடிச்சு வையும்மா. நல்லா வரணும்" என்றார். நான் துணியை நனைத்து உதறிவிட்டு, பிடிக்க ஆள் தேடியபோது தம்பி தானாக வந்து மறுமுனையைப் பிடித்தான். சிறுவயதில் பிடித்தது போலவே காலை அகட்டி நின்றான். நான் இழுத்ததும் தடுமாறி, "அக்கா, நீ இழுக்கற இழுப்புல நான் எட்மண்டன்லயே போய் விழுவேன் போல" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. தகப்பனார் போன பிறகு அன்றுதான் சிரித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் கட்டுவது உருண்டைக் கட்டு, அதற்குத் துணியைக் குறுக்கி மடிக்க வேண்டும். நான் அப்படி மடிக்க ஆரம்பித்ததும் தம்பி, "கொஞ்சம் அகலமா மடிக்கா" என்றான். ஏன்டா என்று கேட்டதற்கு, "அப்பா அகலமாத்தானே கட்டுவார்" என்றான். சரிதான் என்று பிரித்து, ஆண்கள் கூர்வைத்துக் கட்டும் அகலத்துக்கே மறுபடியும் மடித்துக் கொடுத்தேன். யார் தலைக்கு அளவெடுக்கிறான் என்று எனக்கு உறைக்கவில்லை. முந்தின நாளே மாமா வீட்டில் மாமா, தம்பி, தாயார் மூன்று பேருமாகப் பேசி முடித்துவிட்டார்கள் என்பது பின்னால் என் தாயார் வாயாலேயே தெரியவந்தது.

அதன் பிறகு குருத்வாராவில் கீர்த்தனும் பிரார்த்தனையும் முடிந்து, முக்தியார் சிங் குடும்பத்தார் தலைப்பாகைக்கு முன்னால் வரலாம் என்று குரு கிரந்தம் வாசிக்கும் கிரந்தி அறிவித்தார். நான் எழுந்தேன். மாமா துணியோடு வந்து, என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் கைக்குட்டையைத் தலையில் கட்டி உட்கார்ந்திருந்த தம்பியிடம் போனார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காரும்மா, உக்காரு. நாலு பேரு பாக்கறாங்க" என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"என்ன மாமா இது?" என்று கேட்டேன்.

"நீ நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ. தலைப்பாகையையும் கூடவே கொண்டு போயிடுவியா?"

முப்பத்து நான்கு வயது வரை போகாதவள், நோயாளித் தகப்பனை விட்டு ஒரு ராத்திரி கூட வெளியே தங்காதவள், மறுநாள் கிளம்பிவிடுவேனாம். குரு கிரந்தத்தின் முன்னால் சத்தம் போடக்கூடாது என்பதற்காக உட்கார்ந்தேன். மாமாவுக்குப் பயந்து அல்ல. தாயாரைப் பார்த்தேன். அவர் தன் துப்பட்டாவின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். தம்பிக்குக் கட்டி முடித்ததும் ஊரார் வாழ்த்து முழக்கம் செய்தார்கள். நான் மடித்த மடிப்பு கலையாமல், வரி வரியாக, நன்றாகத்தான் வந்திருந்தது.

அதன் பிறகு எல்லோரும் குருத்வாராவின் பொதுப் பந்தியான லங்கரில் சாப்பிட்டோம். நான் ரொட்டி பரிமாறினேன். தம்பிக்கும் பரிமாறினேன், அவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கினான், தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. அடியில் முடி இல்லாததால் தலைப்பாகை நிற்காமல் வழுக்கி வழுக்கி அவன் புருவத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

சாப்பிட்ட பின் செருப்பு விடும் இடத்தில், ஷூ மாட்ட அவன் குனிந்தபோது அது மூக்கு வரை இறங்கியது. கூட இருந்த கூட்டாளி ஒருவன் சிரித்தான். தம்பி, "தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குதுடா, போதும்" என்று சொல்லி, பானையிலிருந்து மூடியை எடுப்பது போல இரண்டு கையாலும் தலைப்பாகையைத் தூக்கி, ஷூக்கள் இருந்த பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, பையிலிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். நான் யார் தலையிலும் கை வைக்கவில்லை. பெஞ்சின் மேலிருந்து எடுத்தேன். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"குடுக்கா, வீட்டுல ஷோகேஸ்ல வைக்கணும்" என்றான்.

"தலைக்கு வந்ததை ஷோகேஸுக்கு அனுப்பறியா? வெக்கமா இல்ல?" என்றேன். நான் பேசியது இவ்வளவுதான்.

அங்கே ஆட்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவன் முகம் சிவந்து, "பாருங்க, பிடுங்கிட்டா, என் தலையிலேர்ந்து பிடுங்கிட்டா" என்று கத்தினான். மாமா அந்த நேரத்தில் எங்களுக்கு முதுகு காட்டிக் குழாயில் வாய் கொப்புளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்தவர், தன் கண்ணால் பார்த்ததாகக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் தகப்பனாரின் முன் என் தலையில் வைத்த அதே கையால் போட்டிருக்கிறார். என் தாயார் தம்பிக்குப் பக்கத்திலேயே நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், அவன் தானாக எடுத்து வைத்ததை முழுவதும் பார்த்தார். விசாரித்தபோது, "நான் கவனிக்கலைங்க" என்று சொன்னதாகத் தெரிகிறது. மாமா பொய் சொன்னதைப் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

அதன் பிறகு நான் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் அந்தத் துணியைப் பிரித்து, நனைத்து, மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் வாசல் கேட்டின் கம்பியில் முடிந்து, குறுக்கி மடித்துக் கட்டிக்கொண்டேன். நிலத்தைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ நான் பேசவில்லை, எதையும் அவனே வைத்துக்கொள்ளட்டும்.

மேற்படி துணி வழக்குச் சொத்து என்றும், அதை உடனே ஒப்படைக்க வேண்டும் என்றும் சப்-இன்ஸ்பெக்டர் சொல்கிறார். ஏட்டு ஒரு சாக்குப் பையும் அரக்கும் கொண்டுவந்து மேஜையில் வைத்திருக்கிறார். துணி இப்போது என் தலையில் இருக்கிறது. ஒரு சீக்கியரின் தலையிலிருந்து தலைப்பாகையை எடுத்ததாகத்தான் என் மேல் வழக்கு. இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கும் சப்-இன்ஸ்பெக்டர், இதை என் தலையிலிருந்து யார் கையால் எடுக்கப் போகிறார் என்பதையும் இதில் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். நானாகக் கழற்றித் தர மாட்டேன்.

நான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. முழுவதையும் வாசிக்கக் கேட்டேன். கூட்டியோ குறைத்தோ நான் எதுவும் சொல்லவில்லை.

(ஒப்பம்) தில்ராஜ் கௌர், த/பெ. முக்தியார் சிங்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. துணி கைப்பற்றப்படவில்லை.

(ஒப்பம்) பல்கார் சிங், சப்-இன்ஸ்பெக்டர்