பச்சைப் புள்ளியின் வயது

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் தலைமையாசிரியர் பிரகதாம்பாள் அம்மையார் அவர்களே! அருகே அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே! நடவு வயலிலிருந்து நேரே வந்து நிறைந்திருக்கும் தாய்மார்களே! நாம் பாராட்டக் கூடியிருக்கும் திருவையாற்றுத் தீரர், மேஜர் இளவழகன் அவர்களே! நாகப்பட்டினத்து ஜெய்னுலாபுதீனின் நெஞ்சம் நிறைந்த வணக்கம். எல்லையில் நான்காண்டுகள், இவர் பக்கத்தில் வயர்லெஸ் பெட்டியோடு நின்றவன் நான்.

ஒரே ஒரு முற்பகலைச் சொல்லத்தான் வந்தேன்.

பனிமலை. எங்கள் கூடாரத்தில் ஒரு திரை. ரோந்து போகும் ஒவ்வொரு வீரனும் அந்தத் திரையின் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி. யார் எங்கே என்று தளபதிக்குக் காட்டும் அற்புதக் கருவி! அன்று மேட்டுச் சாவடிக்குப் போயிருந்தவர்கள் பன்னிரண்டு பேர். பதினொன்றரை மணிக்கு, மலையே இடிந்தாற்போல ஒரு சத்தம். பனிச்சரிவு! ஓடிப்போய்த் திரையைப் பார்த்தோம். பன்னிரண்டு புள்ளிகளும் சாவடியில் பச்சையாக, பத்திரமாக இருந்தன. மேலிடத்திலிருந்தும் அழைத்தார்கள்.

"எங்க திரையிலயும் தெரியுது. பத்திரமா இருக்காங்க. வேற யாரையும் அனுப்பாதீங்க."

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இவர் விடவில்லை.

"ஜெய்னு, அந்தத் திரை மூலையில மணி என்ன போட்டிருக்கு?"

"பத்து நாப்பது சார்."

"அப்ப இது அம்பது நிமிஷத்துக்கு முன்னாடி அவங்க இருந்த இடம்!"

அவர்கள் இருப்பிடத்தை அனுப்பும் கருவி குளிரில் நின்றுபோயிருந்தது. திரையோ கடைசியாகக் கிடைத்ததையே காட்டிக்கொண்டிருந்தது. வயர்லெஸில் ஏழு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை.

ஆள் அனுப்பினால் போகிறவர்களும் புதையலாம். அனுப்பாவிட்டால்? மேலிடத்தை அழைத்தார்.

"சார், அது பழைய நிலவரம். ஆள் அனுப்புறேன். என்ன ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான்."

குரல் நடுங்கவில்லை. அடுத்த நொடியே போகிறவர்களின் பெயரைப் பென்சிலால் குறிக்கத் தொடங்கினார்.

கைதட்டாதீர்கள் ஐயா, பொறுங்கள்! அவர்கள் இன்னும் பனிக்குள்தான் இருக்கிறார்கள்.

சாவடிக்குத் திரை காட்டிய குறுக்குப் பாதையில் சரிந்த புதுப்பனி கிடந்தது கூடாரத்து வாசலிலிருந்தே தெரிந்தது. சுற்றுப்பாதையில் அனுப்பினார். இரண்டு மணி நேரம் கழித்து வயர்லெஸ் பேசியது.

"சாவடியிலருந்து இறங்கி வர்ற வழியில, பாறை இடுக்குல ஒதுங்கியிருக்காங்க சார். ஒருத்தருக்குக் கால் முறிஞ்சிருக்கு. பன்னிரண்டு பேரும் உயிரோட இருக்காங்க!"

இவர் வெளியே போய்ப் பனியில் உட்கார்ந்து அழுதார்.

இப்போது தட்டுங்கள்!

அதோடு விட்டாரா? அந்த வாரமே மேலிடத்துக்கு எழுதினார்: "செய்தி பழசானால் புள்ளி வெளுக்கட்டும். எத்தனை நிமிடம் பழசு என்று பக்கத்திலேயே பெரிதாகக் காட்டட்டும்." அனுப்பாதே என்ற அதே அதிகாரி அதற்குப் பரிந்துரை எழுதினார். ஓராண்டில் எங்கள் திரைகள் மாறின.

அன்பர்களே! திரை காட்டும், திரை கணக்கிடும், திரை வழியும் சொல்லும். ஆனால் போ என்று சொன்னது யார்? போனவன் திரும்பாவிட்டால் அவன் தாயின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது யார்? திரையா? மனிதன்! பொறுப்பைத் தோளில் ஏற்றத் துணிந்த மனிதன்!

அன்று சாவடியிலிருந்து இறங்கிய பன்னிரண்டு பேரும் தத்தம் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பன்னிரண்டு வீட்டுத் தாய்மார்களின் சார்பில், உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்!