வாசல் சுவர் போனால்

“உங்க அப்பா பேரு டாய்லெட் பக்கத்துல வந்தா பரவாயில்லையாண்ணே?”

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில், தேநீருக்கான வரிசையில், சுருட்டிய வரைபடத்தோடு எனக்கு முன்னால் நின்ற பெண் கேட்டார். கூட நின்ற பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். செம்பவாங்கில் வரப்போகும் மரபு மையத்தின் குழுவில் இருவரும் இருக்கிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

“கப்பல் பட்டறையில வேல செஞ்சவங்க பேரெல்லாம் வாசல் சுவர்லன்னுதானேம்மா பேச்சு?”

“கவர்மெண்ட் பாதிதான் தருதுண்ணே. மீதியத் தர்ற கம்பெனி தன் பேரப் போட வாசல் சுவரக் கேக்குது. இல்லன்னா சைன் பண்ண மாட்டாங்களாம்.”

வரிசை ஓரடி நகர்ந்தது. பெரியவர் வரைபடத்தை வாங்கி விரித்துப் பார்த்தார்.

“லேடீஸ் டாய்லெட் பக்கமா?”

“ஆமாண்ணே. ஏன்?”

“அங்கதான் எப்பவும் கியூ நிக்கும். சும்மா நிக்கறவங்கதான் எதையும் படிப்பாங்க லா. இந்தக் கடை விலைப் பட்டியல நானே மூணு தடவ படிச்சிட்டேன்.”

அந்தப் பெண் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

“எழுத்து மட்டும் பெருசா இருக்கணும். அத அக்ரிமெண்ட்ல எழுதினாத்தான் நம்ம பக்கம் சைன்.”

அந்தப் பெண் கைப்பையில் பேனாவைத் தேடினார். அவர்கள் முறை வந்தது. பெரியவர் பட்டியலை நிமிர்ந்து பார்க்காமலே, சில்லறையைச் சரியாக எண்ணி வைத்தார்.