குதிக்கிற விரல்

காலையில் திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிர் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்காவின் வலது கட்டை விரலில் பெரிய கட்டு. இறால் உரிக்கிற கம்பெனியில் முள் குத்தி, சீழ் பிடித்து, அறுத்துத் தைத்ததாம். அன்று தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"டேய், இது குதிக்கிற வெரலுடா," என்றாள் அக்கா. அதைக் கேட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அடுத்த மாசம் நம்ம வீடியோ கேமோட புது பார்ட்டு வர்து. நாலு பேரு ஒண்ணா ஆடலாமாம். வெரலு மடங்கலைன்னா குதிக்கிற பட்டன நான் எப்டிடா அமுக்குறது?"

"அதெல்லாம் மடங்கும்க்கா. பேஜார் பண்ணாத."

"மொத பார்ட்லருந்து எதனா ஒண்ண வுட்டுக்கீறேனா? இப்ப நான் பள்ளத்துல வுய்ந்துகினே கெடப்பேன். உன் பொண்டாட்டி தாண்டி தாண்டி போய்கினே இருப்பா."

"யாரு, அவளா? மொத பள்ளத்துலயே அவ காலி."

அக்கா சிரிக்கவில்லை. விரலில் இருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செரி, ஒண்ணு பண்லாம். ஒரே ஜாய்ஸ்டிக்க ரெண்டு பேரும் புடிச்சிக்கலாம். நீ எடது கையால ஓடு, நான் குதிக்கிறேன்."

"நீ எப்பவும் லேட்டா குதிப்ப."

"நீ சொல்லு, ஒடனே குதிக்கிறேன்."

ராயபுரம் வந்தது. தம்பி இறங்கிக் கையை நீட்டினான். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"கேமுல நீ குதிப்ப. கம்பெனில எனக்கு எறா யார்ரா உரிப்பாங்க?"

தம்பி நீட்டிய கையை எடுக்கவில்லை.

"மொத கட்டு பிரிக்கட்டும். எறங்குக்கா," என்றான்.

அவள் இடது கையைக் கொடுத்து இறங்கினாள்.