கன்னிக்கால் முருக்கு

கோப்பாய்ச் சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வருமென்று சொன்னார்கள். எனக்கு வீடுமில்லை, விளக்குமில்லை. என்னைத் தங்கவைத்தவர்களுக்காகப் போத்தலோடு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற வயதான பெண், பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார்:

“அந்த மரம் பட்டால்தான் என்ரை பிள்ளை ஊரை விட்டு வெளிக்கிடுவாள்.”

“எந்த மரம், அக்கா?”

“அவளின்ரை கலியாணத்துக்குக் கன்னிக்காலாய் நட்ட முள்முருக்கு. ஆனையிறவு தாண்டிப் போன மருமோன் ரெண்டு வருசமாய்த் திரும்பேல்லை. அது பச்சையாய் நிக்குமட்டும் அவர் உயிரோடை இருக்கிறாராம். வீட்டு முத்தத்திலை ஷெல் விழுந்தும் அசையிறாளில்லை.”

“அதுக்கு?”

“அவள் கோயிலுக்குப் போன நேரம் பாத்து அடியிலை கொதிதண்ணி ஊத்தினன். மாசியிலை இலையெல்லாம் கொட்டிச்சுது. பட்டுப்போச்செண்டு பெட்டியும் கட்டிப்போட்டன்.”

மற்றவள் சிரித்துவிட்டாள். “மாசியிலை எல்லா முருக்கும்தான் இலை கொட்டும். கொட்டினாப் பிறகுதானே பூக்கும். உங்கடை வேலியிலை நிக்கிற முருக்கைப் பாக்கேல்லையே?”

“தெரியாததே? ஆசை கண்ணை மறைச்சுப்போட்டுது. இப்ப உச்சியெல்லாம் சிவப்பாய்ப் பூத்து நிக்குது. அவள் அதைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறாள். இனி வரமாட்டாள்.”

“தறிச்சு விடுங்கோவன்.”

“தறிச்ச கொப்பையெல்லாம் வேலிக் கதியாலாய் நட்டுவிடுவாள், அதுகளும் முளைச்சிடும்.”

இன்றைக்கு எண்ணெய் இல்லையென்று கடைக்காரர் கதவைச் சாத்தினார். ஒருவரும் உடனே கலையவில்லை.

“அப்ப என்னக்கா செய்யப்போறியள்?”

“என்னத்தைச் செய்யிறது? காலமை நானும் அந்த முருக்குக்கு ரெண்டு வாளி பச்சைத்தண்ணி ஊத்திப்போட்டுத்தான் வாறன்.”