மேலே போய் நின்ற கண்

"ஹலோ… ஹலோ, நான்தான்டி… இரு, நான் சொல்றத முதல்ல கேளு."

கட்டிங் மாஸ்டர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக் கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுதான் மனைவியோடு. பார்வை கூரை விளக்கை விட்டு இறங்கவில்லை.

"கண்ணு மேல போய் நின்னுடுச்சு… தூசி இல்லடி. கருவிழி ரெண்டும் அப்படியே சொருகிக்கிச்சு, கீழ வரமாட்டேங்குது… ஆமா… ஆமா, கழுத்தும் பின்னால இழுக்குது… அழாத. சாகமாட்டேன்… போன் எப்படிப் போட்டேனா? தடவித் தடவி அமுக்கினேன். கடைசியா பேசினது உன்கூடத்தானே."

…

"முந்தாநாள் போட்ட புது ஊசிதான். கண்ணு மேல இழுத்தா உடனே ஓடி வாங்க, மாத்து ஊசி இருக்குன்னு நர்ஸம்மா சொன்னாங்களே, நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்த… என்னது, மருந்தையே விட்டுடறதா? மறுபடியும் காதுக்குள்ள அந்தக் குரல்களா? வேணாம். அந்தப் பேச்சே எடுக்காத… நீ எப்ப வருவ?… ரெண்டு பஸ்ஸா… ஒரு மணி நேரமா!"

சுவரைத் துழாவினார். தாழ்ப்பாள் கைக்குக் கிடைத்தது. இழுக்க மனம் வரவில்லை. வெளியே நாற்பது பேர். பதினோரு வருஷமாக அவர்களுக்கு அவர் அளவு பிசகாத மாஸ்டர். மருந்து விஷயம் ஒருவருக்கும் தெரியாது.

"சூப்பர்வைசர்கிட்டயா? மாட்டேன்… தெரிஞ்சா அப்புறம் கையில கத்திரியக் குடுப்பாங்களா?… சரி… சரி… புரியுதுடி, புரியாம இல்ல…"

கதவு தடதடத்தது.

"யாரு?… ஒண்ணுமில்ல சார், வயிறு சரியில்ல. இதோ வந்துடறேன்… ஹலோ, அவருதான். போயிட்டாரு… இல்ல. இன்னும் நிக்கறாரு."

…

"ஹலோ… நாக்கு தடிக்குதுடி. தாடையும் ஒரு பக்கமா… இப்ப சொல்லலேன்னா, அப்புறம் பேச்சே வராது. வச்சிடு… வச்சிடுன்றேன்ல!"

அவள் வைக்கவில்லை. அவரும் அணைக்கவில்லை. தாழை இழுத்தார். அண்ணாந்த முகத்தோடு வாசலில் நின்றார். எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. அதுவும் நல்லதாகவே பட்டது.

"சார்… நாலு வருஷமா மனசுக்கு மருந்து எடுக்கறேன். புது ஊசியால கண்ணு இழுத்துக்கிச்சு… குடிக்கல சார், சத்தியமா… ஆமா… ஆமா சார், ஆஸ்பத்திரிக்கு. உடனே."

ஒரு கை அவர் முழங்கையை இறுகப் பற்றியது.

"நேராவா சார்?… மெதுவா… படியா? எத்தனை படி?…"

மனைவியோடு இருந்த போன் இணைப்பு அங்கே அறுந்தது.