இரண்டு அமுக்கு

சின்ன டார்ச் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறார்கள். அது தப்பு ஐயா. முதலில் பொத்தானைப் பார்க்கணும். உங்கள் மேசைமேல் இருக்கிற அந்தக் கறுப்பு டார்ச்சை நான் சும்மா எடுத்து வந்துவிடவில்லை, மூன்றை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான் மறைக்கிற ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மிதெல்த் சந்தைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கடையின் பின்பக்கம் உரமூட்டை அடுக்கிய இருட்டறை இருக்கிறது. மூன்று டார்ச்சையும் அங்கே கொண்டுபோய், கையில் உறையை மாட்டிக்கொண்டு பார்த்தேன். சுரங்கக் குழிக்குள் வெறுங்கையோடு யாரும் வேலை செய்வதில்லையே.

முதலாவது சுமாரான வெளிச்சம். ஆனால் பொத்தான் பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும். அமுக்கினால் எரியும், விட்டால் அணையும், குழந்தைகூடப் பிடிக்கலாம். இரண்டாவதைத் தலையைத் திருகி எரியவைக்கணும். அதற்கு இரண்டு கை வேண்டும், குழியில் ஒரு கை எப்போதும் கயிற்றில் இருக்கும், அதனால் அதைத் தள்ளிவைத்தேன். மூன்றாவதுதான் இந்தக் கறுப்பு. கட்டைவிரல் நீளம்தான், ஆனால் சுவரே பற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. கடைசி மூட்டையில் இருந்த பொடி எழுத்தைக்கூடப் படித்தேன். குறை ஒன்றுதான். எரிந்துகொண்டிருக்கும்போது ஒருமுறை அமுக்கினால் வெளிச்சம் குறையும். மறுபடி அமுக்கினால் விட்டு விட்டு மின்ன ஆரம்பிக்கும். அணைக்கணும் என்றால் பொத்தானை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கணும்.

"ஒரு டார்ச்சுக்கு ஒரு மணி நேரமா? பொண்ணு பாக்க வர்றவன்கூட இவ்வளவு பாக்க மாட்டான்யா," என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

இரண்டு வாங்கினேன். சுமாரானது எனக்கு. நல்ல வெளிச்சம் பாஸ்ஸூவுக்கு. பாஸ்ஸூ என் தங்கை இத்தோவின் புருஷன். அவனுக்கு நல்லதைக் கொடுத்தேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் பழைய ஈயச் சுரங்கத்து மலையில் சிவப்புப் படிகக் கல் தோண்டுகிறவர்கள். நாற்பது மீட்டர் குழி. ஒருத்தன் இறங்குவான், ஒருத்தன் மேலே கயிறு சுற்றுவான். மேலே கம்ப்ரெசர் போடுகிற சத்தத்தில் கீழே கத்துவது காதில் விழாது. அதனால் வெளிச்சம்தான் பேச்சு. ஒருதரம் அணைத்து எரியவிட்டால் நிறுத்து. இரண்டுதரம் அணைத்து எரியவிட்டால் மேலே இழு. வேறு சைகை கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. இறங்கினவன் நடுவில் ஏறி வந்துவிட்டால், மற்றவன் இறங்கி அன்றைய வேலையை முடிக்கணும். மலை முழுக்க அதுதான். மாட்டேன் என்கிறவனுக்கு அப்புறம் யாரும் கயிறு பிடிக்க மாட்டார்கள்.

டார்ச் வாங்கினதற்கு முந்தின புதன்கிழமை நான் கீழே இருந்தேன். சிகரெட் பற்றவைக்க லைட்டரைத் தட்டினேன். பற்றவில்லை. பத்துத் தடவை தட்டியும் பற்றவில்லை. நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. காற்று கெட்டுவிட்டது என்று புரிந்தது. சாயந்திரம் ஏறிவந்து வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பாஸ்ஸூ கேலி பண்ணுவான். ஏற்கெனவே, "என்ன மச்சான், ஒண்ணுக்குப் போகக்கூட துணை வேணுமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கிறவன்.

அதற்கப்புறம் குழிக்குப் போனது திங்கட்கிழமைதான், என் முறை. விடிந்ததிலிருந்து பற்றாத அந்த லைட்டர்தான் ஞாபகம். தேநீர்கூட உள்ளே போகவில்லை.

"வயிறு சரியில்ல மாப்ள," என்றேன்.

"உனக்கு எப்ப சரியா இருந்துச்சு? தள்ளு, நான் எறங்குறேன்."

டார்ச்சைக் கழுத்தில் மாட்டிவிட்டேன். எரியவைத்துப் பார்த்தான். "அடேயப்பா! இத வச்சுக்கிட்டு எங்க வேணாலும் போலாமே. ஆமா, இதுல சைகை எப்படிக் காட்டுறது மச்சான்?"

"ரெண்டு தடவ அமுக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இறங்கி அரைமணி நேரம் இருக்கும். கீழே வெளிச்சம் மங்கியது. அப்புறம் விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது. நான் கயிறு சுற்றும் கைப்பிடியைப் பிடித்தேன். கயிறு துடித்துக்கொண்டிருந்தது. அவன் மேலே வந்தால் நான் இறங்கணும். மின்னுவது எங்கள் சைகையில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைப்பிடியைச் சுற்றவில்லை.

பக்கத்துக் குழி இச்சூ தண்ணீர் கேட்டு வந்து எட்டிப்பார்த்தான். "என்னடா, கீழ வெட்டி வெட்டி மின்னுது? உன் மாப்ள கூப்பிடுறானா?"

"புது டார்ச்சு. வெளயாடுறான்."

"நாப்பது வயசுல வெளயாட்டப் பாரு," என்று சிரித்துவிட்டுப் போனான்.

கயிறு இன்னும் கொஞ்ச நேரம் ஆடியது. அப்புறம் ஆடவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து இச்சூ மறுபடி வந்தான். வெளிச்சம் அதே இடத்தில் மின்னிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தான். என்னைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினான். பாஸ்ஸூ அக்குளுக்கடியில் கயிற்றை ஒழுங்காகக் கட்டி, முடிச்சும் போட்டிருந்தான். ஒருத்தன் சுற்றினாலே உடம்பு மேலே வந்தது. முகம் நீலமாக இருந்தது. விரல் பொத்தான்மேலேயே இருந்தது.

வீட்டில் இத்தோ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணே, அவரு வெளிச்சம் காட்டுனாரா?"

"இல்லம்மா," என்றேன். எங்கள் சைகைப்படி அது உண்மைதான்.

அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இங்கே அறையில் விளக்கை அணைக்க வேண்டாம் என்று உங்கள் காவலரிடம் கெஞ்சியது நான்தான், அவர் சொல்லியிருப்பார்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கப்போகிறீர்கள். கடையில் நானே ஐந்து தடவை இரண்டிரண்டாக அமுக்கிப் பார்த்தேன். ஐந்து தடவையும் மின்னியது. அது மின்னும் என்று தெரிந்துதான் அப்படி அமுக்கச் சொன்னேன். அவன் கூப்பிடுகிறான் என்று முதல் தடவை மின்னினபோதே தெரியும். கையெழுத்து எங்கே போடணும், காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதுங்கள் ஐயா. அவனைக் கொல்லணும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. பொழுது சாய்கிறவரைக்கும் அவன் கீழேயே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.