ராகு காலத்தில் ஏறிய ஜாவா

ஹலோ... ஹலோ மாமா, கேக்குது, சொல்லுங்க... ஆமா, ஷர்மினிதான். என் நம்பருக்குப் போட்டா வேற யாரு எடுப்பா?... இல்ல இல்ல, வேலையிலதான் இருக்கேன். எங்க மொதலாளி தவ்கேகிட்ட சொல்லிட்டு படிக்கட்டுக்கு வந்துட்டேன். என்னா ஆச்சு, லேப்டாப்ல அந்த ஜாவா சாப்ட்வேர் ஏறிடுச்சா?...

ஏறலையா!... மாமா, மணி பதினொன்னு. பதினொன்றரைக்குப் புரோகிராமிங் பரீட்சை. ரெண்டே ரெண்டு வரி, பத்து மணிக்கெல்லாம் அடிச்சிருங்கன்னு நேத்தே எழுதி அனுப்புனேனே...

ம்... ம்... சரி, முதல் வரி அடிச்சீங்க. பாஸ்வர்ட் கேட்டுச்சு... ஆமா, அடிக்க அடிக்க ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியாது. லினக்ஸ்ல அப்படித்தான், கீபோர்ட் கெட்டுப் போவல... சரி, கடைசியில ஏத்துக்கிச்சில்ல?... ஏத்துக்கிச்சு. ரெண்டாவது வரி?... அதுவும் அடிச்சாச்சு. அப்பறம் என்னாதான் பிரச்சினை?...

தொடரட்டுமான்னு கேட்டு நிக்குதா. ஒய் தட்டி எண்டர் தட்ட வேண்டியதுதானே?... எவ்ளோ நேரமா நிக்குது?... அரை மணி நேரமாவா! ஏன்?...

ராகு காலமா!

ஐயோ மாமா... சிரிக்கல... சத்தியமா சிரிக்கல... சரி, கொஞ்சம் சிரிச்சேன். தெரியும், தெரியும், வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னண்டு, எங்க காலண்டர்லயும் போட்டிருக்கு. பத்தரை ஆச்சுன்னு கைய எடுத்துட்டீங்க. அது பாவம், போகட்டா வேணாமான்னு கேட்டுகிட்டே உக்காந்திருக்கு.

பரீட்சையும் ராகு காலத்துலதானே வருது, அதுக்கு என்னா பண்ணுவீங்க?... ஓ... ஓஹோ. பரீட்சை அவங்க ஆரம்பிக்கிறது, இது நீங்க ஆரம்பிக்கிறது... அடேங்கப்பா! இந்த மூளைய வச்சிகிட்டு பதினெட்டு வருசம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிட்டீங்களே மாமா, லாயருக்குப் படிச்சிருக்கலாம்லா...

கோவமா?... அக்கா புருஷன மச்சினி கிண்டல் பண்ணாம எதிர்வீட்டுக்காரியா வந்து பண்ணுவா?... ம், சிரிங்க, அப்படி.

இல்ல மாமா, பன்னண்டு வரைக்கும் காத்திருக்க முடியாது. பதினொன்றரைக்கு அந்தப் பரீட்சை லிங்க் பூட்டிக்கும். உள்ள போறதுக்கு முன்னாடி ஜாவா இருக்கான்னு அதுவே பாக்கும், இல்லன்னா வெளிய தள்ளிடும். அப்பறம் அடுத்த ஆறு மாசத்துக்குப் பரீட்சையே கெடையாது... நீங்களே சொன்னதுதானே. பாஸானாத்தான் அந்த ஈப்போ கம்பெனியில எடுப்பாங்கன்னு.

கம்பார்ல நடந்த இன்டர்வியூவா?... ராகு காலத்துல கெளம்பிப் போனீங்க, கெடைக்கல, சரி. அது ராகுவால இல்ல மாமா. அவங்க முப்பது வயசுக்குள்ள ஆள் தேடுனாங்க. நீங்க நல்ல நேரத்துல போயிருந்தாலும் நாப்பத்தி மூணுதான்...

இருங்க இருங்க, ஒண்ணு கேக்குறேன். நீங்க ஹுத்தான் மெலிந்தாங் ஊருக்குப் போறப்ப என்னா பண்ணுவீங்க? நல்ல நேரத்துல துணிப்பைய மட்டும் கொண்டு போயி எதிர்வீட்டு சதாசிவம் அண்ணன் வீட்ல வச்சிட்டு வந்துடுவீங்க. அப்பறம் ராகு காலத்துல ஜாலியா காரை எடுப்பீங்க... எடுப்பீங்களா இல்லையா?... ஆ! ஏன் அப்படி?... அதான். பரஸ்தானம். பை முன்னாடியே கெளம்பிடுச்சு, அதனால பயணம் நல்ல நேரத்துல ஆரம்பிச்சதா கணக்கு. சரியா?

இப்ப சொல்லுங்க. முதல் வரி எத்தனை மணிக்கு அடிச்சீங்க?... பத்து அஞ்சு. அது ராகு காலமா?... இல்ல. அப்ப வேலை எப்ப ஆரம்பிச்சிச்சு?...

ஆங், நல்ல நேரத்துலதான்னு நீங்களே சொல்லிட்டீங்க. சட்டம் உங்களுதுதான்.

தட்டிட்டீங்களா! போலே லா, முடியுது பாருங்க மாமா!... என்னா வருது?... எழுத்தா ஓடுதா, ஓடட்டும், ஒண்ணையும் தொடாதீங்க. எத்தனை பர்சன்ட்?... எட்டா. நெட்டு எதுல போட்டிருக்கீங்க?... அக்கா போன்லேர்ந்தா. உங்க கோப்பெங்ல மழையா?... அலாமாக், அப்ப மெதுவாத்தான் வரும்.

சாப்பிட்டீங்களா?... ஒண்ணுமே சாப்பிடலையா? அக்கா விட்டுச்சா?... தோசை சுட்டு வச்சும் எறங்கல... ம்...

மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சிக்கக் கூடாது. இதுல ராகு எவ்ளோ, பயம் எவ்ளோ?...

ம்... ம்... சொல்லுங்க, நான் கேட்டுகிட்டுத்தான் இருக்கேன்...

ஆமா, அந்தப் புரோகிராமிங் வகுப்புல எல்லாம் இருபத்திரண்டு, இருபத்தி மூணு வயசுப் பசங்க. உங்கள அங்கிள்னு கூப்புடுறானுங்க... தெரியும் மாமா. பத்து காஜா ஊர்ல உங்க பெக்டரிய மூடுன அன்னிக்கு நீங்க ஃபோர்க்லிஃப்ட் சாவியக் குடுத்துட்டு வந்து யார்கிட்டயும் பேசாம படுத்துகிட்டீங்கன்னு அக்கா சொன்னுச்சு... இல்ல, அக்கா என்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லும்...

இதுவும் போச்சுன்னா அக்கா மூஞ்சிய எப்படிப் பாக்குறதுன்னு நெனைக்கிறீங்களா... ஐயோ மாமா.

இங்க பாருங்க. இப்ப கிண்டல் பண்ணல. போன வாரம் நீங்க அனுப்புனீங்களே, கிடங்குல எந்தச் சாமான் எந்தத் தட்டுல இருக்குன்னு தேடித் தர்ற புரோகிராம், அத நான் ஓட்டிப் பாத்தேன். தட்டு நெறைஞ்சிருந்தா, கனமான சாமானக் கீழ வைன்னு தனியா ஒரு எடத்துல எழுதியிருந்தீங்க. எங்க ஆபீஸ்ல டிகிரி முடிச்ச பையன் ஒருத்தனுக்குக்கூட அது தோணாது. மேல வச்சா சாயும்னு தெரிஞ்சவருக்குத்தான் தோணும்... பொய் சொல்றேனா? நான் என்னிக்காவது உங்கள சும்மா பாராட்டியிருக்கேனா?... ஆங், அப்ப நம்புங்க.

எனக்கும்தான், மொத நாள் வேலையில பயத்துல ஃபைல அழிச்சிட்டேன்... நெஜமா. அது அக்காவுக்குக்கூட தெரியாது.

எத்தனை?... எழுபது. வரும் வரும்... கேமரா சரியா இருக்கா? பரீட்சையப்ப மூஞ்சி தெரியணுமே, தொறந்து பாத்தீங்களா?... மங்கலாவா?... மஞ்சளாவா?... மாமா. லேப்டாப்புக்குப் பொட்டு வச்சீங்களா?... எங்க?... மேல நடுவுலயா! அதுதான் மாமா கேமரா! சந்தனத்த அது கண்ணுலயே அப்பிட்டீங்க... சாமிக்குக் கண்ணு தெரியும், பரீட்சை வைக்கிறவனுக்குத் தெரியாது. தொடைங்க... துணியால, மெதுவா. வேணும்னா பின்பக்கம் வச்சிக்கலாம்... தெரியுதா?... அழகாத்தான் இருப்பீங்க, யாரு இல்லன்னா!

ஏறிடுச்சா?... கடைசி வரியில மறுபடி உங்க பேரும் டாலர் குறியும் வந்துருச்சா? சரி, முடிஞ்சிருச்சு. இப்ப அடிங்க, ஜாவாசி, ஒட்டி அடிங்க, அப்பறம் இடைவெளி, ஒரு கோடு, வெர்ஷன்... என்னா சொல்லுது?... அப்படி ஒண்ணு இல்லைங்குதா? பதறாதீங்க. மொத எழுத்து பெருசா அடிச்சீங்களா?... அதான். லினக்ஸ் அதுக்கெல்லாம் மொறைக்கும். எல்லாம் சின்ன எழுத்துல அடிங்க...

இருபத்தொண்ணா? இருபத்தொண்ணுன்னு வருதா?... மாமா! இருக்கு மாமா, ஏறிடுச்சு!... மணி என்னா?... பதினொன்னு இருபத்தஞ்சு. லிங்க்க தட்டுங்க, செப்பாட் செப்பாட், சீக்கிரம்!... பச்சை டிக் வந்துச்சா?... அப்பாடா.

என்னாது, தேங்க்ஸா? வேணாம், வேணாம், பாஸாயிட்டு நாசி கண்டார் சோறு வாங்கித் தாங்க... போன் உள்ள வச்சிக்கக் கூடாதா? சரி, அக்காகிட்ட குடுத்துட்டு கதவ சாத்திக்குங்க. போங்க மாமா. நல்லா எழுதுங்க...

அக்கா?... ம், சொல்லு கலாக்கா. கதவ சாத்திட்டாரா?... சாத்திட்டாரு. நீ எங்க நிக்கிற, ஹால்லயா? மெதுவா பேசு, பலகைச் சுவரு, எல்லாம் கேக்கும்...

ஏன்க்கா அழுவுற?... அழுவாத... ம்... ம், தெரியும்... சட்டைய அவரே தேச்சிகிட்டாரா?... ம்...

எனக்குத் தெரியலக்கா. பாஸாயிடுவாருன்னு சொல்ல ஆசைதான், ஆனா தெரியாதத எப்படிச் சொல்றது. கஷ்டமான பரீட்சைதான்... அவரு நல்லா படிச்சிருக்காரு, அது தெரியும்...

என் கொரலா?... இல்லக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல, சளி... சளிதான்... சரி, ஆமா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. அவரு வெளிய வந்தா சொல்லிடாத... ம். நீ மொதல்ல அந்தத் தோசைய மூடி வை. நான் போன வைக்கிறேன்.